விசேசம் இல்லாத பந்தல்

"ஐயா, பிரிக்கிறதுக்குன்னே ஒரு பந்தல் போட்டுத் தருவீங்களா?"

கோச்சடையில எங்க வீட்டு வாசல்ல, மூங்கில் அடுக்கி வச்சிருக்கிற எடத்துல நின்னுக்கிட்டு அந்தப் பிள்ள இப்படித்தேன் கேட்டுச்சு. நான் அப்பக் கயித்தத் தண்ணியில ஊறப் போட்டுக்கிட்டிருந்தேன். காஞ்ச கயிறு நழுவும். ஊறுன கயிறு கட்டுன பெறகு காஞ்சு இறுகும். கையெல்லாம் நார் வாடை.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. "என்ன விசேசம் தாயி?"ன்னேன்.

"விசேசம் ஒண்ணுமில்லங்கய்யா."

"கல்யாணமா?"

"இல்லங்கய்யா."

"காதுகுத்தா, சடங்கா?"

"அதெல்லாம் இல்ல."

"கேதம், சாவு வீடுன்னா சட்டுனு சொல்லிரு தாயி. சாமியானாவ இப்பவே வண்டியில ஏத்தணும்."

பிள்ள சிரிச்சிருச்சு. பெறகு மூங்கில் மேலயே உக்காந்து நெதானமாச் சொல்லுச்சு. "ஒரு ஊருல எல்லாருக்கும் பொதுவா ஒரு எடம் வேணும். அது எங்க இருக்கணும், எப்படி இருக்கணும்னு அவங்களுக்கும் சரியாத் தெரியல, எனக்கும் தெரியல. மொதல்ல மூங்கில்ல போடுவோம். சனங்க புழங்கிப் பாக்கட்டும். தப்பா இருந்தாப் பிரிச்சு வேற எடத்துல போடுவோம். சரியா அமைஞ்ச பெறகு சிமெண்டுல கட்டிக்கிறலாம்."

நான் போட்ட பந்தல் அம்புட்டும் பிரிச்ச பந்தல்தேன். ஆனா தப்புன்னாத் தெரியட்டும்னு ஒருத்தரும் எங்கிட்ட வந்து பந்தல் கேட்டதில்ல.

"வாரேன்"னு சொல்லிட்டேன். அது எந்த வருசம்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. ஊரெல்லாம் மாஸ்க்கு போட்டுக்கிட்டுத் திரிஞ்சமே, அது ஓஞ்சு கொஞ்ச நாளைக்குப் பெறகு. ஆடிக் காத்து அடிச்சு முடிஞ்சிருந்துச்சு.

வைகையில வெள்ளம் வந்து எங்க மூங்கில இழுத்துட்டுப் போன கதையப் போன வாரம் சொன்னேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் பேசப் பேசப் பத்திரிகைக்காரவுக எழுதிக்கிறாக. அதனால கத கொஞ்சம் அங்கிட்டும் இங்கிட்டும் போகும். மறுபடி வந்துருவேன்.

டிசைனருன்னா ரவிக்கையா

அந்தப் பிள்ள பேரு கயல். மதுரையிலயே பொறந்தது. அப்பா அம்மா ரெண்டு பேரும் வாத்தியாருக. வடக்க எங்கிட்டோ போயி டிசைன் படிச்சிட்டு வந்துச்சு. ஒரு டிரஸ்டுக்காரவுக அத உசிலம்பட்டிக்கு மேக்க ஒரு ஊருக்கு அனுப்பி வச்சிருந்தாக. ஊருப் பேரு வேணாம். உசிலம்பட்டியில எறங்கி டவுன் பஸ் மாறிப் போகணும். மானாவாரிக் காடு. மழ பேஞ்சாச் சோளம், இல்லன்னா வெறுங்காடு. கெணத்துல தண்ணி கெடக்கிறவுக மட்டும் மல்லிப்பூப் போட்டிருப்பாக.

ஊருக்குள்ள போயி, "நான் டிசைனரு"ன்னு சொல்லியிருக்கு. மறுநாளே பொம்பளைக ரவிக்கைத் துணியோட வந்து நின்னுட்டாக. பேச்சின்னு ஒரு பொம்பள, ஊருலயே வாய் அவளுக்குத்தேன். "முதுகுல சன்னல் வச்சுத் தைப்பியாமுல்ல? அத எம்மருமகளுக்கு வையி. எனக்குக் கைய மட்டும் கொஞ்சம் லூசா விடு, போதும்"னாளாம்.

"அக்கா, எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுக்கா."

"அப்ப என்னத்தத்தேன் டிசைன் பண்ணுவ?"

இதுக்கு அந்தப் பிள்ள சொன்ன பதிலு பேச்சிக்கும் வெளங்கல, பெறகு எங்கிட்டச் சொன்னப்ப எனக்கும் வெளங்கல. ஊருக்காரவுக சொன்னதச் சொல்றேன். ரொம்ப நாளைக்கு அது ஒரு கோடு கூட வரையல. வீடு வீடா உக்காந்து கெடந்துச்சு. வெங்காயம் உரிச்சுக் குடுத்துச்சு. விடியக்காலம் பூப் பறிக்கப் போச்சு. பேசுறத விடக் கேக்குறதுதேன் சாஸ்தி. ஒருத்தர் பேசி முடிச்ச பெறகும் கொஞ்ச நேரம் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கும். சொல்ல வந்தத விட்டுட்டு வேற ஒண்ணச் சொன்னவுக, அந்தக் கொஞ்ச நேரத்துல சொல்ல வந்ததச் சொல்லிருவாக. எங்கிட்டயும் அப்படித்தேன் பல கதையப் புடுங்கிருச்சு.

மொறை மாடு

அந்த ஊருல அது கண்டது என்னன்னா, பாதி வீட்டுல ஒரு பொம்பள கட்டுத்தறியில கட்டுன மாதிரி கெடக்கா. ஒரு வீட்டுல தவழுற பிள்ள. இன்னொரு வீட்டுல எந்திரிக்க முடியாத மாமியா. இன்னொரு வீட்டுல கெழவரு, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ரோட்டுப் பக்கம் நடந்து போயிருவாரு. விட்டுட்டு வேலைக்கிப் போக முடியாது.

இங்க மொறை மாட்டப் பத்திச் சொல்லணும். எங்க பக்கத்துல ஊரு மாடுகள மொத்தமாப் பத்திட்டுப் போயி மேய்க்கிறது உண்டு. இன்னைக்கு ஒன் வீடு, நாளைக்கு என் வீடு. மொறை வந்த வீட்டுல இருந்து ஆளு போயே ஆகணும். சண்ட போட்டுப் பேச்சுவார்த்த இல்லாத வீட்டு மாடும் அதுலதேன் போகும். நான் சின்னதுல எங்க அம்மாச்சி ஊருல மொறைக்கிப் போயி, மரத்தடியில தூங்கிட்டு, ஊரு மாடு பூராம் கம்மங்காட்டுல எறங்கி, அந்தக் காட்டுக்காரரு என்னைய மாட்டோட மாடாப் பத்திட்டு வந்தாரு. அது இருக்கட்டும்.

ஒரு நா பேச்சி, "நாளைக்கு வராத தாயி. எங்க மொறை, மாடு பத்தணும்"னிருக்கா.

"ஊரு மாடு எல்லாத்தையும் ஒரே வீடா பாத்துக்கும்?"

"பின்ன, வீட்டுக்கு ஒருத்தர் போனா மாட்ட விட ஆளு சாஸ்தியாயிருமே?"

கயல் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் மூஞ்சியப் பாத்துட்டு, "விட்டுட்டுப் போக முடியாத மனுசரையும் அப்படி மொறை வச்சுப் பாத்துக்கிட்டா என்னக்கா?"ன்னு கேட்டிருக்கு.

"மாடு சொன்ன பேச்சக் கேக்கும். எங்க மாமியா கேக்குமா?"ன்னிருக்கா பேச்சி.

ஆனா சாயங்காலம் தண்ணிக் கொழாயில அந்தப் பேச்ச எடுத்தவளே அவதேன். கயல் சொன்னதாக்கூடச் சொல்லல. "நம்ம மொறை மாட்ட மாதிரியே செஞ்சா என்னடி"ன்னு தன் யோசனையாவே சொல்லியிருக்கா. இது கயலுக்குத் தெரியும். தெரிஞ்சும் கம்முனு இருந்துக்கிருச்சு. "அவங்க யோசனையா இருந்தாத்தான்யா நிக்கும்"னு பின்னால ஒருதரம் எங்கிட்டச் சொல்லுச்சு.

பகல்ல எல்லாரையும் ஒரே எடத்துல கொண்டாந்து விட்டுறணும். மொறை வீட்டுக்காரவுக பாத்துக்கிறணும். மத்தவுக வேலைக்கிப் போகணும். அந்த எடத்துக்குத்தேன் எங்கிட்ட வந்து பந்தல் கேட்டது.

பாதி டீ

எடம் பாக்கப் போன அன்னைக்கித்தேன் பாண்டியம்மாளப் பாத்தேன். நாப்பதத் தாண்டுன பொம்பள. டீக்கடை பெஞ்சில நுனியில உக்காந்திருந்தா. பாதி கிளாசு குடிச்சா, மீதிய மண்ணுல ஊத்திட்டு ஓடுனா. என்னடான்னு பாத்தேன். பேச்சி சொன்னா, "அவ எப்பவும் அப்படித்தேன்ணே. மகன் வீட்டுல ஒத்தையில கெடப்பான்."

மகன் பேரு செல்வம். இருபதத் தாண்டுன ஆளு, மீசை மொளச்சிருந்துச்சு. கைக்கொழந்தையா இருக்கயில காச்சல்ல வெட்டு வலிப்பு வந்து, அதுல இருந்து உக்கார முடியாது, நடக்க முடியாது. பேச்சு கொழறும். ஆத்தாளுக்கு மட்டும் வெளங்கும். புருசன் காலமாயிட்டாரு. பாண்டியம்மாளுக்குக் கொஞ்சூண்டு மல்லிக்காடு இருக்கு. பூவ அவளே பறிப்பா, ஆனா மதுர மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அவளால கொண்டுக்கிட்டுப் போக முடியாது. போயிட்டு வர மத்தியானமாயிரும். வேற யாராச்சும் போறவுக கையில குடுத்து விட்டுட்டு, அவுக சொல்ற வெலைய வாங்கிக்கிருவா.

கூட்டம் போட்டப்ப அவ பின்னால நின்னு, "எம்மகனும் வரலாமா?"ன்னு கேட்டா.

தவழுற பிள்ளைக வேற, மீச வச்ச ஆம்பள வேற. தூக்கணும், தொடைக்கணும், வேட்டி மாத்தணும்.

பேச்சிதேன் சொன்னா. "வரட்டும். எங்க மாமியாள விடவா அவன் கனம்?"

எல்லாரும் சிரிச்சாக. பாண்டியம்மா சிரிக்கல. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா.

எடத்த முடிவு பண்ணது சாவடித் திண்ணையில கூடுன ஆம்பளைக. ஊருக்கு நடுவுல மந்தைத் திடல்ல, வேப்பமரத்தடி. பாண்டியம்மாளோட கூடப் பொறந்த அண்ணன் மொக்கச்சாமிதேன் ஊருக்கு முன்ன நின்னு பேசுறவரு. "நெழலு இருக்கு. எல்லாரு கண்ணுலயும் படுற எடம். வேற என்ன வேணும்?"னாரு. கயலு மறுத்துப் பேசல. "சரிங்கய்யா, போட்டுப் பாப்போம்"னு சொல்லிருச்சு.

பந்தக்கால்

நான் மூங்கிலும் கீத்தும் எறக்குன அன்னைக்கு, கடப்பாரையப் போட்டு மொதக் குழியத் தோண்டிக்கிட்டிருக்கேன், பொம்பளைக தட்டோட வந்துட்டாக. மஞ்சள், குங்குமம், மாவெலக் கொத்து, ஒரு செம்புல பாலு, மடியில நவதானியம். வெறுங்கால எப்படி நடுறது? ஈசானி மூலைக் காலுக்கு மஞ்சள் பூசி, மாவெலயக் கட்டி, குழிக்குள்ள தானியத்தப் போட்டு, மொக்கச்சாமி பால ஊத்த, கயலையும் கூப்புட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லி நட்டாக. பேச்சி கொலவை விட்டா.

எனக்கு அது தெனமும் பாக்குற காரியம். ஒண்ணும் தோணல. கயலுக்கும் சந்தோசம்தேன். ஊரே வந்து கை வைக்குதேன்னு நெனச்சிருக்கும்.

இங்க ஒரு பழைய கதையச் சொல்லிர்றேன், பின்னால வேணும். மதுரையில ஒரு தெருவுல நான் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டேன். மறுநாளு கல்யாணம் நின்னு போச்சு. ஏன்னு நமக்கு வேணாம். கீத்தெல்லாம் பிரிச்சு எடுத்துட்டேன். அந்த ஒத்தக் கால மட்டும் எடுக்க விடல. நல்லது நடக்காம பந்தக்கால் பிடுங்குனா வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாக. வாசல்ல அது பாட்டுக்கு நின்னுச்சு. கார் நிறுத்த எடைஞ்சல், பால்காரரு சைக்கிள்ல மோதிக்கிட்டாரு. அந்த வீட்டுல ஏதோ கொடி படர விட்டாக. அடுத்த மகளுக்குக் கல்யாணமாகி அதுக்குப் பெறகுதேன் அந்தக் கால எடுத்தேன். மூங்கிலு அடியில உளுத்துப் போயிருந்துச்சு. என் மூங்கிலுதேன், ஆனா கேக்க முடியுமா?

சரி, மந்தைக்கி வாரேன்.

சாவடிக்கு எதுத்தாப்புல

பந்தலப் போட்ட பெறகு கயல் தெனமும் ஒரு மூலையில உக்காந்து பாத்துச்சு. நான் ஒரு நா கயித்த இறுக்கிக் கட்டப் போயி நானும் பாத்தேன்.

மொறைக்கி வந்த பொம்பள உக்காரவே இல்ல. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்தா. ஏன்னா எதுத்தாப்புல சாவடி. ஆம்பளைக சீட்டு விளையாடிக்கிட்டு இருக்காக. அவுக கண்ணு முன்னால ஒரு பொம்பள மந்தையில காலை நீட்டி உக்கார மாட்டா. அது அங்க பழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்ல, யாரும் மீறுனதில்ல. மாமியாக்காரிகளும் சேலைய இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டு வேத்துப் போயிக் கெடந்தாக.

மொத நாளு பாண்டியம்மா செல்வத்தத் தள்ளுவண்டியில வச்சுக் கொண்டு வந்தா. நடுவுல ரோடு, ஒரு ஓடைப் பள்ளம். ரெண்டு பேரு தூக்கி விட்டாக. பந்தலுக்கு வந்தா ஊரே வேடிக்க பாக்குது. மத்தியானம் அவன் வேட்டிய நனைச்சுட்டான். எதுத்தாப்புல சாவடி. கூடவே இருந்த ஆத்தா தன் சேலையவே திரையாப் பிடிச்சுக்கிட்டு மாத்துனா. சாவடியில சீட்டுக் கட்டு கலைக்கிற சத்தம் நின்னு போச்சு.

மறுநாளு அவ வரல. கயல் தேடிப் போச்சு. "பரவால்ல தாயி, நாங்க வீட்டுலயே இருந்துக்கிறோம். இம்புட்டு நாளு இருக்கலையா?"ன்னு சொல்லியிருக்கா.

கயல் பொம்பளைகளக் கூட்டி, "எது சரியில்ல?"ன்னு மட்டும் கேட்டுச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாக. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு பொறம்போக்கு கெடந்துச்சு, பாண்டியம்மா வீட்டுச் சந்து மொகனையில. மேடு பள்ளம் இல்ல, தண்ணி பக்கம், ஆம்பள நடமாட்டம் கெடையாது. அங்க போட்டுருவோம்னு முடிவாச்சு.

நான் ஆளுகளோட பிரிக்கப் போனேன். கீத்த எறக்கியாச்சு, நடுக் கால எடுத்தாச்சு. ஈசானி மூலைக் கால்ல கடப்பாரைய வச்சேன்.

"நிறுத்துண்ணே." மொக்கச்சாமி சாவடியில இருந்து எந்திரிச்சு வந்தாரு. "பால் ஊத்தி நட்ட பந்தக்காலு. ஒரு நல்லது நடக்காம எப்படிப் பிடுங்குவ?"

"அப்ப இந்தக் காலு நிக்கட்டும். அங்க புதுசா நட்டுக்கிறோம்"னேன்.

"ஒரு காரியத்துக்கு ரெண்டு பந்தக்காலா? நீயே தொழில்காரன், நீயே சொல்லு. ஆகுமா?"

ஆகாதுதேன். எனக்குத் தெரியும். பொம்பளைகளுக்கும் தெரியும். அங்க போடுவோம்னு கத்துன பேச்சியே வாய மூடிக்கிட்டா. அவளே கொலவை விட்டவ.

கயல் ரெண்டு கையாலயும் தலையப் பிடிச்சுக்கிட்டு, "நகட்டுறதுக்குன்னு போட்டது. இத நான் யோசிக்கவே இல்லங்கய்யா"ன்னுச்சு. டிரஸ்டுக்கு வேற அது பதில் சொல்லணும்போல. பாண்டியம்மா தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தா. போனாப் போகுதுன்னு திரும்பி வீட்டப் பாக்கப் போயிட்டா.

என்ன நல்லது

மூடநம்பிக்கை அது இதுன்னு படிச்ச பிள்ள பேசப் போகுது, மொக்கச்சாமி மல்லுக்கு நிப்பாரு, நம்ம மூங்கிலு போச்சுன்னு நெனச்சேன். அது பேசல. அன்னைக்கிச் சாயங்காலம் அந்த ஒத்தக் காலுக்குக் கீழயே எல்லாரையும் கூப்புட்டு, தரையில உக்காந்து, மொக்கச்சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதேன் கேட்டுச்சு.

"ஐயா, என்ன நல்லது நடந்தா இத எடுக்கலாம்?"

அவரு எதிர்பாக்கல. "ஏதாச்சும் சுபகாரியம். கல்யாணம், சடங்கு, காதுகுத்து."

"நம்ம ஊருல அப்படி ஏதாச்சும் வருதா?"

பொம்பளைக தேட ஆரம்பிச்சாக. கல்யாணமெல்லாம் தை மாசம். அதுவரைக்கும் தாங்காது. வயசுக்கு வர்ற பிள்ள? "அத நீ டிசைன் பண்ண முடியாதுடி"ன்னா பேச்சி. காதுகுத்து? அவ மகன் வீட்டுப் பிள்ளைக்குக் குத்தியாச்சு, இவ பேத்திக்குக் குத்தியாச்சு. "காது குத்தாத பிள்ள ஊருல எது இருக்கு?"

"எம்மகனுக்குக் குத்தல."

பின்னால இருந்து பாண்டியம்மா. சத்தம் கூட்டாம, பூவுக்கு வெல சொல்ற மாதிரி சொன்னா.

ஊருக்கே தெரிஞ்ச விசயந்தேன். எனக்கும் கயலுக்கும்தேன் தெரியாது. எங்க பக்கம் காதுகுத்துன்னா, தாய்மாமன் சீரு கொண்டு வந்து, பிள்ளைய மடியில உக்கார வச்சுத்தேன் குத்தணும். செல்வத்துக்கு நாளு குறிச்ச நேரத்துலதேன் காச்சல் வந்துச்சு. பெறகு, பிள்ள உக்காரட்டும், பாப்போம்னாக. பிள்ள உக்காரவே இல்ல. மாமன் மடியில உக்கார முடியாத பிள்ளைக்கு எப்படிக் குத்துறதுன்னு யாரும் பேச்செடுக்கல. வருசம் போயிருச்சு.

எல்லாரும் தாய்மாமன் மொக்கச்சாமியப் பாத்தாக. அவரு தலையக் குனிஞ்சு துண்ட மடிச்சாரு, பிரிச்சாரு, மறுபடி மடிச்சாரு.

"வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளான்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ரெண்டு பேரு உக்காருற பெஞ்சு

அப்பத்தேன் கயலு தாளும் பென்சிலும் எடுத்தத நான் மொதத் தடவையாப் பாத்தேன். செல்வம் வீட்டுக்குப் போயி அவன் பக்கத்துலயே படுத்துப் பாத்துச்சு. எந்தப் பக்கம் சாஞ்சா மூச்சு வாங்காது, கழுத்து எங்க துவளுதுன்னு அவன்கிட்டயே கேட்டுக் கேட்டு வரஞ்சிச்சு. ஆத்தாகிட்டக் கேக்கல, அவன்கிட்டக் கேட்டுச்சு. அவன் தாடைய ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னான்.

அத வச்சு, மாமன் உக்காந்து மருமகன மடியில சாச்சுக்கிற மாதிரி நான் மூங்கில்ல ஒரு அகலப் பெஞ்சு கட்டுனேன். பின்னால சாய்மானம், பக்கத்துல கைக்கட்டை. மொதல்ல கட்டுனது சரிஞ்சு போச்சு. அவுத்துட்டு மறுபடி கட்டுனேன். கயலு என்னைய மாமனா உக்கார வச்சு, தான் செல்வமா ஏறிச் சாஞ்சு, "தோளு இன்னும் கொஞ்சம் மேல வரணும்யா"ன்னுச்சு. மறுபடி அவுத்தேன். கோவம் வந்துச்சு, சொல்லல. அந்தப் பிள்ளைக்கும் கையில மூங்கிச் சிலாம்பு ஏறியிருந்துச்சு. அதுவும் சொல்லல.

இன்னொண்ணும் நடந்துச்சு. நாங்க வேல பாக்கையில தூரத்துல ஆரன் கேட்டா, செல்வம் தலையத் திருப்பி ஏதோ சொல்லிச் சிரிப்பான். பாண்டியம்மா சொன்னா, "பஸ்ஸு வருதாம். சத்தத்த வச்சே எந்த பஸ்ஸுன்னு சொல்லிருவான். கண்ணால பாத்ததுதேன் கொறவு."

கயல் என்னையப் பாத்துச்சு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால நாலு பக்கமும் தட்டி கட்டி மறைச்சா ரோடு தெரியாது. மறைவு வேணும்னு எல்லாரும் சொன்னோம். அவனுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. "ஐயா, ரோட்டுப் பக்கத் தட்டியில, படுத்திருக்கிற ஆளு கண்ணு மட்டத்துக்கு ஒரு சன்னல் விட முடியுமா? நிக்கிறவங்க உள்ள பாக்க முடியாத மாதிரி?"

"முதுகுல சன்னல் வைக்கத் தெரியாதுன்ன, இப்ப வைக்கிறியே தாயி"ன்னா பேச்சி.

வெள்ளிக்கெழம ஒத்தப் பந்தக்காலச் சுத்தி மறுபடி கீத்துப் போட்டேன். மொக்கச்சாமி தட்டு வரிசையோட மேளம் வச்சு வந்தாரு. பழம், தேங்கா, புதுவேட்டி, ரெண்டு கெடா. பெஞ்சில உக்காந்து மருமகன மடியில வாங்குனாரு. கால் ரெண்டும் தரையத் தொட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. சாய்மானம் ரெண்டு பேரையும் தாங்குச்சு. பத்தர் காதப் பிடிச்சதும் செல்வம் போட்ட சத்தத்துல சாவடிப் பக்கம் நாயெல்லாம் கொலைச்சுச்சு. "இருடா மாப்ள, இருடா, முடிஞ்சிருச்சு"ன்னு மொக்கச்சாமி அவன் நெஞ்சத் தடவிக்கிட்டே இருந்தாரு.

போட்ட கம்மலு ரொம்பச் சின்னது. கைக்கொழந்தைக்கி வாங்குனது. அந்தப் பெரிய காதுல ஒரு கடுகு ஒட்டுன மாதிரி இருந்துச்சு. பந்தியில எம்பக்கத்துல உக்காந்து மொக்கச்சாமி சொன்னாரு, "அப்பவே எடுத்து வச்சதுண்ணே. பீரோவுலயே கெடந்துச்சு." நான் கறிய அள்ளி அவரு எலையில வச்சேன்.

மூணாம் நாளு முறைப்படி பந்தக்கால எடுத்தோம். பிடுங்குனதும் அவரே தோள்ல போட்டுக்கிட்டுத் தண்ணித் தொட்டிக்கி நடந்தாரு.

நாங்கதேன்

சிமெண்டு இன்னைக்கி வரைக்கும் வரல. வேணாம்னுட்டாக. வருசா வருசம் கீத்து மாத்தையில, போன வருசம் எது தொந்தரவா இருந்துச்சோ அத மாத்திக்கிறாக. பிள்ளைகளுக்குத் தூளி கட்ட ஒரு விட்டம் சேந்துச்சு. ரோட்டுக்கு நடந்து போற கெழவருக்கு உள்ளயே சுத்தி நடக்கிற மாதிரி ஒரு தடம் விட்டாக. கயல் வேற ஊருக்குப் போயிருச்சு. எப்பவாச்சும் போன் போடும். வெளியூருக்காரவுக வந்து பாத்துட்டு, இத ஆரு செஞ்சதுன்னு கேட்டா, "நாங்கதேன்"னு சொல்றாகளாம். கயலுகிட்டச் சொன்னேன். "அது நெசந்தானுங்கய்யா?"ன்னு என்னையவே திருப்பிக் கேட்டுச்சு. யோசிச்சுப் பாத்தா நெசந்தேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் பூ மாலை சொல்ல மாட்டுத்தாவணிக்குப் போனேன். பூ மார்க்கெட்டுல மல்லிகை வாடை, ஈரச் சாக்கு வாடை, ஒரே எரைச்சலு. வெளிய டீக்கடையில யாரோ "அண்ணே"ன்னு கூப்புட்டாக. பாண்டியம்மா. காலிச் சாக்க மடிச்சுத் தோள்ல போட்டிருந்தா. பூவ அவளே கொண்டாந்து, அவளே வெல பேசி வித்துட்டு நிக்கிறா.

ரெண்டு டீ சொன்னேன். கிளாசு கைக்கி வந்து ஒரு வாய் குடிச்சிருப்பா, ஆரப்பாளையம் பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. அத விட்டா ஆரப்பாளையத்துல மாறி ஏறுற உசிலம்பட்டி வண்டியும் தள்ளிப் போகும். எனக்குப் பழைய நெனப்பு. மீதிய ஊத்திட்டு ஓடப் போறான்னு கொஞ்சம் நகந்து வழிய விட்டேன்.

"தாயி, ஒன் பஸ்ஸு."

திரும்பிப் பாத்தா. பஸ்ஸு கெளம்புச்சு.

"போகட்டும்ணே, அடுத்ததுல போறேன்"ன்னு பெஞ்சில நல்லா சாஞ்சு உக்காந்தா. "இன்னைக்கி எங்க அண்ணன் வீட்டு மொறை."

கிளாச ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஊதி ஊதிக் குடிச்சா.